ஆட்டமும் யந்திரமும் அரசாங்கமும்

வீடியோ விளையாட்டு, செயற்கை நுண்ணறிவு, அரசாங்கம் ஆகிய மூன்றையும் ஒரே பேச்சில் சேர்த்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முதலாவது சிறுவர்களின் பொழுதுபோக்கு, இரண்டாவது விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி, மூன்றாவது பெரியவர்களின் கவலை என்று நாம் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிரிவினை நிலைக்காது என்பது என் அபிப்பிராயம். விளையாட்டில் பழகி வளர்ந்த யந்திரம் இன்று ஆட்சியின் அலுவலகங்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. விளையாட்டிலிருந்த நேர்மையும் அதனுடன் கூட வந்திருக்கிறதா என்பதைத்தான் இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

உறவு எப்படி ஏற்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணிப்பொறிக்கு அறிவு உண்டா என்று சோதிக்க, அது தோன்றிய நாள் முதலே மனிதர்கள் கையாண்டு வந்த வழி அதனோடு ஆடிப் பார்ப்பதுதான். கணிப்பொறிக்குச் சதுரங்கம் கற்பிப்பது எப்படி என்று 1950-ஆம் ஆண்டிலேயே கிளாட் ஷானன் என்ற அமெரிக்க அறிஞர் கட்டுரை எழுதினார். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் சாமுவேல், தான் ஆடிய ஆட்டங்களிலிருந்து தானே பாடம் கற்கும் ஒரு நிரலைச் செக்கர்ஸ் என்னும் பலகை ஆட்டத்துக்காக அமைத்தார். 1959-இல் அவர் அதைப் பற்றி எழுதிய பிறகே யந்திரக் கற்றல் என்ற தொடர் பரவலாயிற்று. 1997-இல் உலகச் சதுரங்க வீரர் காஸ்பரோவை டீப் புளூ என்ற கணிப்பொறி வென்றது. 2016 மார்ச்சில் சோல் நகரில், கோ என்ற கிழக்கத்திய ஆட்டத்தில் ஈடிணையற்றவராக விளங்கிய லீ செடோலை ஆல்பாகோ நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. ஆல்பாகோவை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் டெமிஸ் ஹஸ்ஸாபிஸ் யார் என்று பார்த்தால், அவரே இளம் வயதில் வீடியோ விளையாட்டுச் செய்தவர். 1994-இல் வெளிவந்த தீம் பார்க் என்ற ஆட்டத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2024-இல் அவர் ரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மகன் எந்நேரமும் திரையின் முன் உட்கார்ந்திருக்கிறானே என்று வருந்தும் தகப்பனார்களுக்கு இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. திரையின் முன் உட்கார்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோபல் பரிசு கிடைத்ததில்லை.

அறிவில் மட்டுமா உறவு? உடம்பிலும் உண்டு. வீடியோ விளையாட்டில் ஒரு மோட்டார் வண்டி வளைவில் திரும்புகிறது என்றால், திரையிலுள்ள லட்சக்கணக்கான புள்ளிகளின் நிறத்தை வினாடிக்குப் பல முறை மாற்றிக் கணக்கிட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடும் சாதாரணச் சில்லு இதற்குப் போதாது. ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே சமயத்தில் போடக்கூடிய தனிச் சில்லு வேண்டியிருந்தது. விளையாடுகிறவர்கள் கொடுத்த காசில்தான் அந்தச் சில்லு ஆண்டுக்கு ஆண்டு திறமை பெற்று வளர்ந்தது. 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் படங்களை இனம் கண்டுகொள்ள ஒரு கணிப்பொறி வலையைப் பயிற்றுவித்தபோது, விளையாட்டுக்கென்று கடையில் விற்ற இரண்டு சில்லு அட்டைகளையே பயன்படுத்தினார்கள். அதன் வெற்றி செயற்கை நுண்ணறிவின் போக்கையே மாற்றிவிட்டது. 2024 மார்ச்சில் நம் மத்திய மந்திரிசபை 10,371 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் முதல் நோக்கங்களில் ஒன்று, இந்த வகைச் சில்லுகள் பத்தாயிரமும் அதற்கு மேலும் திரட்டுவது. வண்டி ஓட்டியும் துப்பாக்கி சுட்டும் பொழுது போக்கிய பையன்களின் சில்லுதான் இன்று பெயர் மாறிச் சர்க்காரின் கொள்முதல் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

இனி, நம் அரசாங்கம் விளையாட்டை எப்படி நடத்துகிறது என்பதைப் பார்ப்போம். சூதாட்டத்தைத் தடுக்கும் பழைய சட்டம் 1867-இல் இயற்றப்பட்டது. முற்றிலும் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு அது விலக்கு அளித்தது. ரம்மியில் சீட்டை நினைவில் வைத்தும் கணக்கிட்டும் ஆடவேண்டியிருப்பதால் அதில் திறமையே மேலோங்கியிருக்கிறது என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிய சீட்டாட்டத்தை மனத்தில் கொண்டு சொன்ன தீர்ப்பு அது. அரை நூற்றாண்டு கழித்து, கைபேசியில் இரவு முழுதும் முகம் தெரியாதவர்களோடு பணம் கட்டி ஆடும் வியாபாரத்துக்கு அதுவே கேடயமாயிற்று. கடன்பட்டுக் குடும்பங்கள் அழிந்த செய்திகள் வந்த பிறகு 2022-இல் தமிழ்நாடு ஒரு தடைச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியபோதும், ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் அல்ல என்று சொல்லி அவற்றை அதன் பிடியிலிருந்து விடுவித்தது. இறுதியில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே ஒரு சட்டம் நிறைவேற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணயம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டத்தை நடத்துவது குற்றம் என்றும், அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்றும் அது கூறுகிறது. ஆடியவனுக்குத் தண்டனை இல்லை. பணயமற்ற ஆட்டங்களையும் மின் விளையாட்டுப் போட்டிகளையும் ஊக்குவிப்பதும் அச்சட்டத்தின் நோக்கமே. அதை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இச்சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். ஏமாற்றப்பட்டவனைத் தண்டியாமல் கடை விரித்தவனைத் தண்டிப்பது நியாயமான ஏற்பாடு. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து இதே ஆட்டங்களில் கட்டப்படும் பணத்தின்மேல் நூற்றுக்கு 28 விகிதம் வரி வாங்கிவந்தது இதே அரசாங்கம்தான். இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலேயே அத்தகைய நிறுவனமொன்றின் பெயர் ஊரறிய ஒளிர்ந்தது. தீங்கு என்று தெரிய இரண்டு ஆண்டு வரி வசூல் வேண்டியிருந்ததோ என்னவோ.

பணயமில்லாத ஆட்டத்தின்மேல் கை வைத்த வரலாறும் உண்டு. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி என்ற ஆட்டத்தைப் போலீஸார் தடைசெய்து, கைபேசியில் அதை ஆடிய வாலிபர் பத்துப் பேரைக் கைது செய்தார்கள். தெருவோரம் உட்கார்ந்து கைபேசியில் ஆடியதற்குக் கைது! அடுத்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசாங்கமே 118 செயலிகளில் ஒன்றாக அதைத் தடுத்தது. அப்போது சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. ஒரு பையன் பாடத்தை மறந்து ஆடுகிறான் என்பதற்குப் போலீஸ் மருந்தாகாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதலே இத்தகையவர்களுக்காகத் தனிப் பிரிவொன்றை நடத்திவருகிறது. அங்கே பெற்றோரையும் பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஒரு மாவட்டத்துக்கு அத்தகைய பிரிவு ஒன்று இருந்தால், ராஜ்கோட்டுப் போலீஸாருக்கு வேறு வேலை பார்க்க நேரம் கிடைத்திருக்கும்.

விளையாட்டைக் கண்டிக்க நினைப்பவர்கள் அதனிடம் உள்ள ஒரு குணத்தைக் கவனிப்பதில்லை. நல்ல ஆட்டம் எதுவாயினும், அதில் சேர்கிறவனுக்கு விதி தெரியும். தெரியாவிட்டாலும் முதல் சுற்றிலேயே ஆட்டம் அதைக் கற்றுக்கொடுத்துவிடும். ஒருவன் தோற்றால், எங்கே, எதனால் தோற்றான் என்பது அவன் கண்ணெதிரே தெரியும். பள்ளத்தில் விழுந்தான் என்றால் பள்ளம் தெரியும். மறுபடி தொடங்கவும் வழி இருக்கும். பத்து வயதுப் பையன் ஐம்பது முறை தோற்றும் மனம் கசந்து போகாததற்குக் காரணம் இதுதான். தான் அநியாயமாகத் தோற்கடிக்கப்பட்டதாக அவன் நினைக்கும் கணமே கைபேசியை வீசிவிடுவான். ஆட்டம் செய்தவனுக்கு ஒரு வாடிக்கைக்காரன் குறைந்துபோவான். ஆகவே ஆட்டம் செய்பவர்கள் தோற்பவனுடைய மனத்தைப் பற்றி மிகவும் சிரத்தையோடு யோசிக்கிறார்கள்.

ஆட்சிக்கு வந்த யந்திரத்திடம் இந்தச் சிரத்தையைக் காணோம்.

2022 செப்டம்பரில் ஹரியானாவின் ரோத்தக் நகரில் ஒரு விசித்திரமான கல்யாண ஊர்வலம் நடந்தது. ரூபாய் நோட்டு மாலை அணிந்து, வண்டியில் அமர்ந்து, மேளதாளத்தோடு சென்ற மாப்பிள்ளைக்கு வயது 102. பெண் யாரும் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று சர்க்கார்ப் பதிவு சொல்லியதால் முதியோர் பென்ஷன் நின்றுபோயிருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்பதைக் காட்ட அந்தக் கிழவர் கண்டுபிடித்த வழி அது. ஊர் சிரித்தது, பத்திரிகைகளும் சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோ விளையாட்டில் செத்துப்போன வீரன் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுந்து நிற்கிறான். உயிரோடு இருக்கும் மனிதரைப் பதிவேட்டில் எழுப்பி நிறுத்த அவ்வளவு சுலபமான பொத்தான் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை.

அது ஒரு மனிதரின் கதை. தெலங்கானாவில் நடந்தது பெரிய அளவிலானது. அங்கே ஸமக்ர வேதிகா என்ற ஏற்பாடு உண்டு. வண்டிப் பதிவு, சொத்து, மின்சாரம் என்று பல துறைகளின் பதிவேடுகளைக் கணிப்பொறி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, இன்ன குடும்பம் ஏழை, இன்ன குடும்பம் ஏழையன்று என்று சொல்லும். ஒரே பெயரை இருவேறு விதமாக எழுதியிருந்தாலும் இருவரும் ஒருவரே என்று ஊகித்துக்கொள்ளும் சாமர்த்தியமும் அதற்கு உண்டு. நம் நாட்டில் ஒரே பெயருடைய எத்தனை பேர் ஒரே தெருவில் இருப்பார்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள். கார் வைத்திருப்பவர் ஒருவர், அதே பெயருடைய கூலிக்காரர் வேறொருவர். யந்திரத்தின் கணக்கில் இருவரும் ஒருவராகிவிட்டால், கூலிக்காரர் வீட்டில் அரிசி நின்றுபோகும். 2016-லிருந்து அம்மாநிலத்தில் நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் ரேஷன் கார்டுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. முன்னறிவிப்பும் நேரடி விசாரணையும் இன்றிக் கணிப்பொறியைக் கொண்டே கார்டுகள் அடிக்கப்பட்டன என்பது வழக்குத் தொடர்ந்தவர்களின் குற்றச்சாட்டு. 2022 ஏப்ரலில் நீதிமன்றம் நேரில் சென்று விசாரித்துச் சரிபார்க்கும்படி மாநில அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது.

இங்கே அதிகாரிகள் தரப்பில் சொல்லக்கூடிய சமாதானத்தையும் கேட்க வேண்டும். குமாஸ்தா லஞ்சம் வாங்குவான், யந்திரம் வாங்காது. குமாஸ்தாவுக்கு உறவினன் உண்டு, யந்திரத்துக்கு இல்லை. போலிக் கார்டுகளால் ஏழையின் பங்கு பறிபோகிறது, அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பார்கள். இவை யாவும் உண்மையே. பழைய தாலுகா ஆபீஸின் வாசலில் நின்று பழகியவர்கள் அந்தக் காலத்துக்குத் திரும்ப ஆசைப்படமாட்டார்கள். ஆனால் குமாஸ்தா தவறு செய்தால் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. மேலதிகாரி இருந்தார். கத்திப் பேசினால் காதில் விழுந்தது. அவன் ஒரு நாளில் கெடுக்கக்கூடிய குடும்பங்களின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை இருந்தது. இப்போது விண்ணப்பதாரர் எந்த ஜன்னலுக்குப் போனாலும், சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது என்ற ஒரே பதில் வருகிறது. அதைச் சொல்லுகிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் காரணம் தெரியாது.

காரணம் சொல்ல வேண்டும் என்பது என் சொந்த ஆசை என்று எண்ணிவிட வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவு, அரசாங்க அலுவலகம் எடுக்கும் நிர்வாக முடிவுக்கான காரணத்தை அதனால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லுகிறது. முடிவை மனிதன் எடுத்தால்தான் காரணம், யந்திரம் எடுத்தால் வேண்டியதில்லை என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாக நாட்டின் சட்டமாக இருந்துவரும் ஒன்றை, புதிய யந்திரம் வந்ததும் மறந்துவிட்டோம் என்பதே என் குறை.

மனிதனும் யந்திரமும் சேர்ந்து தீர்ப்பளிக்க முடியாதா என்றால், முடியும். அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. கிரிக்கெட் பார்க்கும் நேயர்கள் யாவருக்கும் அது தெரியும். 2008-இல் இந்தியாவும் இலங்கையும் ஆடிய டெஸ்ட் தொடரில் முதன்முதலாக ஒரு முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. அம்பயரின் தீர்ப்பு தவறு என்று ஆட்டக்காரர் கருதினால் மறுபரிசீலனை கேட்கலாம். பந்து எங்கே விழுந்தது, எங்கே பட்டது, ஸ்டம்பை எங்கே தொட்டிருக்கும் என்பதையெல்லாம் யந்திரம் கணக்கிட்டுக் காட்டும். இதில் நான் மெச்சும் அம்சங்கள் இரண்டு. கணக்கு மைதானத்தில் உள்ள அனைவரும் பார்க்கத் திரையில் வருகிறது. ஆட்டமிழந்தவன் எதனால் ஆட்டமிழந்தான் என்பதைப் பந்து வந்த வழியோடு தானே பார்த்துக்கொள்கிறான். மற்றொன்று, கால்காப்பு முறையீட்டில் பந்தில் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பைத் தொட்டிருக்கும் என்று யந்திரம் சொன்னால், அம்பயர் முதலில் சொன்னதே நிற்கும். தன் கணக்கு முற்றும் உறுதியானதன்று என்பதை யந்திரத்தைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டு, ஐயத்துக்கு விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். நம் கிரிக்கெட் வாரியம் இந்த முறையை நம்பாமல் பல ஆண்டு எதிர்த்து நின்றது, 2016-இல்தான் இணங்கியது. ஒரு விக்கெட்டின் விஷயத்தில் யந்திரத்தை நம்ப இவ்வளவு தயக்கம்!

டில்லிப் போலீஸார் முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் யந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டதற்கு, நூற்றுக்கு 80-க்கு மேல் பொருந்தினால் அதை அடையாளம் கண்டதாகவே கொள்வோம் என்று 2022-இல் பதில் அளித்தார்கள். ஏன் 80? ஏன் 90 இல்லை? அவ்வளவு பொருந்தினால் உடனே கைது இல்லை, விசாரணை உண்டு என்பது சரிதான். ஆனால் அந்த விசாரணைக்கு உட்பட்டவர், தம் முகம் எந்தப் படத்தோடு பொருந்தியது என்று ஆட்டமிழந்த மட்டையாளரைப் போலத் திரையில் பார்த்துக்கொள்ள முடியுமா?

யந்திரத்தைப் பற்றிக் குறையே சொல்லுகிறேன் என்று நேயர்கள் எண்ணக் கூடாது. 2022-இல் தொடங்கிய பாஷிணி என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2023 டிசம்பரில் காசியில் நடந்த தமிழ்ச் சங்கமத்தில் பிரதம மந்திரியின் ஹிந்திப் பேச்சு, பேசப் பேசவே தமிழாக்கப்பட்டு அங்கே வந்திருந்தவர்களின் காதில் ஒலித்தது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்க்கவும் இவ்வகை யந்திரம் துணை செய்கிறது. நிலவரித் தகராற்றில் ஜெயித்தோமா தோற்றோமா என்பதை வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்ட காலம் போய், தாமே படித்துத் தெரிந்துகொள்ளும் காலம் வருமானால் அது சிறிய காரியமன்று. இங்கே யந்திரம் மனிதனுக்குச் சொல்லுகிறது. பிழை இருந்தால் மூலத்தோடு ஒப்பிட்டு எவரும் திருத்தலாம். யந்திரம் சொல்லுவதற்கும் யந்திரம் தீர்ப்பளிப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை அரசாங்கம் எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். முதல் வேலையில் அதைத் தாராளமாக ஓடவிடலாம். இரண்டாவது வேலையில், ஒரு குடும்பத்தின் அரிசியோ பென்ஷனோ நிற்கும் என்றால், பெயரும் பதவியும் உள்ள ஓர் அதிகாரி கையெழுத்திட்ட பிறகே நிற்க வேண்டும்.

யந்திரம் தீர்ப்பளிக்கும் இடங்களுக்கு ஒரு சட்டம் வேண்டும், ஒரு கமிஷன் வேண்டும் என்று பெரிதாகப் பேசுகிறவர்கள் பேசட்டும். அவை வரும்போது வரட்டும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கார்டை நீக்குவதற்கு முப்பது நாள் முன்பு அந்த வீட்டுக்கு அவர்கள் மொழியில் ஒரு கடிதம் போக வேண்டும். எந்தத் துறையின் பதிவில், எந்தத் தேதியில், என்ன கண்டு இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் இன்ன எண்ணுள்ள கார் இருக்கிறது என்று எழுதியிருந்தால், கார் இல்லாதவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், அது என்னுடையதன்று என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஓர் அதிகாரியின் பெயரும், அவர் உட்காரும் இடமும் அதிலேயே எழுதியிருக்க வேண்டும். அவர் விசாரித்து முடிக்கும் வரையில் கடையில் அரிசி நிற்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வீடாக இருந்தால், கடிதத்தைக் கொண்டுவரும் தபால்காரர் வாசலிலேயே படித்துக் காட்டிவிடலாம். நம் ஊர்த் தபால்காரர்கள் வெகு காலமாகச் செய்துவரும் வேலைதான் அது.